பெற்றோர் பெயர் தெரியாத வாக்காளர்: தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் சமூக நலத் துறைச் செயலருக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமைத் தேர்தல் அதிகாரி, தமிழ்நாடு.
அரசுச் செயலர், சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை, தமிழ்நாடு அரசு.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். இரண்டு அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து 18 வயது நிறைந்து வெளியே வரும் இளையோர், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறாருக்கான இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குழந்தை என்ற நிலையைக் கடக்கும் அதே வயதில் வாக்குரிமைக்குத் தகுதி பெறுகிறார்கள். ஆனால் ஒரு துறையில் கோப்பு மூடப்பட்ட பிறகுதான் இன்னொரு துறையில் கோப்பு திறக்கப்படுகிறது. முதல் கோப்பில் அரசே விசாரித்து, ஆராய்ந்து, உத்தரவாகப் பதிந்து வைத்திருக்கும் விவரங்களை இரண்டாவது கோப்பு கேட்பதேயில்லை. அதற்குப் பதிலாக, அந்த விவரங்களை எங்கும் தேடிப் பெற முடியாத ஓர் இளைஞனிடமோ இளம்பெண்ணிடமோ கேட்கிறது.

இல்லங்களில் வளர்ந்தவர்களுக்கு வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, வாக்காளர் அடையாள அட்டை ஆகியவற்றைப் பெற்றுத் தரும் வேலையில் உதவி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வாக்காளர் பட்டியலைத் திருத்துவது தேவையற்றது என்பது என் கருத்தல்ல. இறந்தவர் பெயரும், இரண்டு இடங்களில் உள்ள ஒரே பெயரும், வீடு மாறிப் போனவர் பெயரும் பட்டியலில் தங்கியிருப்பது முறைகேட்டுக்கு வழி செய்யும் என்பதை எல்லாக் கட்சிகளுமே ஒப்புக்கொள்ளும். என் கேள்வி அந்தத் திருத்தம் யாரை எப்படி அடையாளம் காண்கிறது என்பதைப் பற்றியது.

2025 அக்டோபர் 27 அன்று அறிவிக்கப்பட்டு நவம்பர் 4 முதல் நடைபெற்ற சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது தமிழ்நாட்டின் பட்டியலில் ஏறத்தாழ 6.41 கோடிப் பெயர்கள் இருந்தன. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 5.43 கோடிப் பெயர்களே இருந்தன. நீக்கப்பட்ட ஏறத்தாழ 97 லட்சத்தில் பெரும்பகுதி இடம் மாறியவர்கள் என்றும், அடுத்த பெரும்பகுதி இறந்தவர்கள் என்றும் சொல்லப்பட்டது. இந்தக் கணக்கைக் குறித்த பொது விவாதத்துக்குள் நான் போகவில்லை. திருத்தத்தின் உள்ளே அடிப்படையாக அமைந்த ஒரு முறையைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்: ஒருவரை அவருடைய பெற்றோர் வழியாக, முந்தைய தீவிரத் திருத்தத்தில் தயாரான 2002 அல்லது 2005 ஆம் ஆண்டுப் பட்டியலோடு இணைத்துப் பார்க்கும் முறை.

கணக்கெடுப்புப் படிவத்தின் கீழ்ப்பகுதி, பழைய பட்டியலில் வாக்காளருடைய பெயர் இல்லையென்றால் அவருடைய பெற்றோர் அல்லது உறவினரின் விவரத்தைக் கேட்டது. இணைக்க முடியாதவர்களுக்கு அறிவிப்பு அனுப்பி ஆவணம் கேட்பது என்பது அடுத்த படி. புதிதாகப் பெயர் சேர்ப்பவர் படிவம் 6-உடன் கொடுக்க வேண்டிய உறுதிமொழிப் படிவத்தில் பிறந்த தேதியை வைத்து மூன்று பிரிவுகள் இருக்கின்றன. 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் தன் ஆவணத்தை மட்டும் காட்டினால் போதும். அதற்குப் பின் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர் தன்னுடையதையும், தாய் தந்தை இருவரில் ஒருவருடையதையும் காட்ட வேண்டும். அதற்கும் பின் பிறந்தவர் தன்னுடையது, தாயுடையது, தந்தையுடையது என மூன்றையும் காட்ட வேண்டும். குடியுரிமைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவில் செய்யப்பட்ட திருத்தங்களிலிருந்து வந்த பகுப்பு இது. இன்று 18 வயதைத் தொடும் ஒவ்வொருவரும் 2007-க்குப் பின் பிறந்தவர்கள். எனவே ஒருவர் விடாமல் மூன்றாவது பிரிவில்தான் வருகிறார்கள்.

இப்போது, தாய் யார், தந்தை யார் என்று தெரியாத ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். இதில் கற்பனைக்கு இடமில்லை. இப்படிப்பட்டவர்கள் உருவாவதற்குத் தமிழ்நாடு அரசே ஒரு வழி அமைத்தது. பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காக 1992 இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் தருமபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதன் உயிர்நாடியே, குழந்தையைக் கொல்லாதே, தொட்டிலில் விட்டுவிடு, யார் என்று கேட்க மாட்டோம் என்ற வாக்குறுதிதான். அந்த வாக்குறுதியால் பிழைத்த குழந்தைகளில் பலர் தத்தெடுக்கப்பட்டார்கள். அவர்களுக்குத் தத்தெடுத்தோரே சட்டப்படி பெற்றோர். தத்துக்குப் போகாமல் இல்லத்திலேயே வளர்ந்தவர்களும் உண்டு. தாயிடம் “யார் என்று கேட்க மாட்டோம்” என்று சொன்ன அதே அரசமைப்பு, 18 ஆண்டுகள் கழித்து மகளிடம் “யார் என்று சொல், ஆவணமும் கொண்டு வா” என்று கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

தொட்டிலில் விடப்பட்டவர்கள் மட்டுமல்லர். பேருந்து நிலையத்திலும் மருத்துவமனை வாசலிலும் விடப்பட்ட குழந்தைகள் உண்டு. 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், அத்தகைய குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தச் சொல்கிறது. பெற்றோரைக் கண்டுபிடிக்கக் குழு முயற்சி எடுக்க வேண்டும். இரண்டு வயது வரையுள்ள குழந்தையானால் இரண்டு மாதங்களுக்குள்ளும், அதற்கு மேற்பட்டதானால் நான்கு மாதங்களுக்குள்ளும் விசாரணையை முடித்து, தத்துக்கொடுக்கச் சட்டப்படி தடையற்ற குழந்தை என அறிவிக்க வேண்டும் என்று 38 ஆம் பிரிவு கூறுகிறது. அந்தக் குழு ஒரு தன்னார்வ அமைப்பு அல்ல. முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் அதற்கு 27 ஆம் பிரிவால் அளிக்கப்பட்டிருக்கிறது. ஆக, பெற்றோரைத் தேடினோம், கிடைக்கவில்லை என்று அரசே ஒரு நீதிமுறை உத்தரவு எழுதி முத்திரையிட்டு வைத்திருக்கிறது. அந்த உத்தரவைப் பார்க்காமல், கைக்குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டவரிடமே தேடச் சொல்வதை நிர்வாகம் என்று எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

படிவம் 6 இந்த நிலையை முழுமையாக மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உறவினர் பெயர் கேட்கும் இடத்தில், ஆதரவற்றவரானால் சட்டபூர்வ காப்பாளரின் பெயரையும் திருநராயின் குருவின் பெயரையும் எழுதலாம் என்று அந்தப் படிவமே இடம் தருகிறது. நன்கு யோசித்துச் செய்த ஏற்பாடு அது. ஆனால் படிவத்தில் திறந்த கதவு, அதனோடு இணைக்கச் சொல்லும் உறுதிமொழிப் படிவத்தில் மூடிக்கொள்கிறது. முதல் தாளில் காப்பாளர் பெயரை எழுதிய பெண், இரண்டாவது தாளில் தாய், தந்தை என்ற இரண்டு கட்டங்களுக்கு முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். “இதில் கோடு போடவா, தெரியாது என்று எழுதவா, இல்லை என்று எழுதவா?” என்று அவர் கேட்டார். மூன்றுக்கும் பொருள் வேறு. கோடு போட்டால் படிவம் முழுமையற்றது என்பார்கள். இல்லை என்பது உண்மையல்ல. தெரியாது என்று எழுதினால் அடுத்த வாரம் விசாரணைக்கு வரச் சொல்வார்கள் என்று அவருக்குப் பயம். வாக்குச்சாவடி நிலை அலுவலராக வந்திருந்த அங்கன்வாடிப் பணியாளருக்கும் பதில் தெரியவில்லை. கையில் நூற்றுக்கணக்கான படிவங்களோடு, தன் வழக்கமான வேலையையும் பார்த்துக்கொண்டு அலைந்த அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் இருந்த தாளில் இந்தக் கேள்விக்கு ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.

இல்லங்களில் வளர்வோரில் பெரும்பாலோர் முற்றிலும் ஆதரவற்றோர் அல்லர். தாயோ தந்தையோ பாட்டியோ இருப்பார்கள். அவர்களுடைய சிக்கல் இன்னும் நுட்பமானது. தந்தையின் வன்முறைக்கு உள்ளாகி, 2012 ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்கீழ் வழக்கு நடந்து, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவால் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குத் தந்தையின் பெயர் தெரியும், ஊர் தெரியும், 2005 இல் அவர் எந்தத் தொகுதியில் வாக்களித்தார் என்பதைக்கூட விசாரித்து அறிந்துவிட முடியும். ஆனால் அதை அவர் போய்க் கேட்க வேண்டுமா? தந்தையின் வாக்காளர் அட்டை எண்ணை வாங்கி வா என்று சொல்வதன் பொருள் என்ன என்பதை உங்கள் இரு அலுவலகங்களும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். எவரிடமிருந்து அரசு அவரைக் காப்பாற்றியதோ அவரையே அடையாளச் சான்றாகக் கொண்டு வரச் சொல்வது, பாதுகாப்பு உத்தரவை நம் கையாலேயே கிழித்துப் போடுவதற்கு ஒப்பானது.

ஆவணங்களின் பட்டியலைப் பார்ப்போம். திருத்தத்துக்காகத் தேர்தல் ஆணையம் குறிப்பிட்ட 11 ஆவணங்களில் பிறப்புச் சான்று, கடவுச்சீட்டு, கல்விச் சான்று, நிரந்தர வசிப்பிடச் சான்று, சாதிச் சான்று போன்றவை உள்ளன. பீகாரில் நடந்த இதே திருத்தம் குறித்த வழக்கில் 2025 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவால் ஆதாரும் 12 ஆவது ஆவணமாகச் சேர்ந்தது. அது அடையாளத்துக்கு மட்டுமே, குடியுரிமைக்கு அல்ல என்ற வரம்போடு. இந்தப் பட்டியல் எடுத்துக்காட்டானது, முடிவானது அல்ல என்று ஆணையமே தன் உத்தரவில் சொல்லியிருக்கிறது. அந்த இடத்தில்தான் என் முதன்மையான கோரிக்கை நிற்கிறது: குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவை அந்தப் பட்டியலில் ஓர் ஆவணமாக, எழுத்துமூலமாகச் சேர்க்கும்படி தலைமைத் தேர்தல் அதிகாரி ஆணையத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். பெற்றோர் அறியப்படவில்லை என்றோ, பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டவர் என்றோ குழு பதிந்திருந்தால், உறுதிமொழிப் படிவத்தில் தாய், தந்தை கட்டங்களுக்கு அந்த உத்தரவின் எண்ணே பதிலாக அமைய வேண்டும்.

இது புதுமையான கோரிக்கை அல்ல. கடவுச்சீட்டு அலுவலகம் இதைவிடக் கடினமான ஓர் அலுவலகம் என்பது எல்லோருக்கும் தெரியும். பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ இல்லாத ஆதரவற்ற குழந்தைக்கு, இல்லத்தின் தலைவர் தம் அலுவலகத் தாளில் பிறந்த தேதியை உறுதிசெய்து தரும் கடிதமே போதும் என்று வெளியுறவு அமைச்சகம் 2016 டிசம்பரில் விதியைத் தளர்த்தியது. அதோடு, பெற்றோர் யாரென்றே தெரியாத குழந்தை வெளிநாட்டுத் தம்பதிக்குத் தத்துக்கொடுக்கப்படும்போது இந்தியக் கடவுச்சீட்டோடுதான் விமானம் ஏறுகிறது. ஒரே தொட்டில் மையத்தில் விடப்பட்ட இரண்டு குழந்தைகளில், வெளிநாட்டுக்குப் போனதை இந்தியக் குடிமகள் என்று ஒப்புக்கொண்டு கடவுச்சீட்டு தந்த அரசு, இங்கேயே வளர்ந்து இங்கேயே பத்தாம் வகுப்புத் தேறிய இன்னொன்றை, 18 வயதில் ஐயத்தோடு பார்ப்பது விந்தையாக இல்லையா?

வரலாற்றிலும் முன்னுதாரணம் உண்டு. முதல் பொதுத் தேர்தலுக்கான பட்டியல் 1948 முதல் தயாரான காலத்தில், பிரிவினையால் எல்லை தாண்டி வந்த அகதிகளிடம் வசிப்பிடச் சான்று எதுவும் இருக்கவில்லை. இந்த ஊரில் நிரந்தரமாக வாழ எண்ணுகிறேன் என்று அவர்கள் தரும் உறுதிமொழியே போதும் என்று அரசியல் நிர்ணய சபையின் செயலகம் முடிவெடுத்தது. அதே பட்டியலில் வேறொரு பாடமும் இருக்கிறது. வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே பதிந்ததால், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. உறவைச் சொல்லி, தன்னைச் சொல்லாதவரை அன்று பட்டியல் ஏற்கவில்லை. தன்னைச் சொல்லி, உறவைச் சொல்ல முடியாதவரை இன்று அது ஏற்கத் தயங்குகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 326 ஆம் பிரிவு கேட்பது குடிமகனா, 18 வயது நிறைந்ததா, சட்டப்படி தகுதியிழப்பு உண்டா என்பதை மட்டுமே.

வயதைப் பற்றியும் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பட்டியலின் துல்லியம் நேரடியாகப் பாதிக்கப்படும் இடம் இதுதான். கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்குப் பிறந்த தேதி என்பது மதிப்பீடு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94 ஆம் பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் பள்ளி அல்லது தேர்வு வாரியச் சான்று, அது இல்லையெனில் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லையென்றால்தான் எலும்பு வளர்ச்சிச் சோதனை. அந்தச் சோதனை இரண்டு ஆண்டுகள் முன்னும் பின்னும் தவறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982 லேயே சொல்லிவிட்டது. நடப்பில் என்ன ஆகிறதென்றால், இல்லத்தில் சேர்த்த உடன் எடுத்த ஆதாரில் ஒரு தேதி, பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் எழுதிய இன்னொரு தேதி, குழுவின் உத்தரவில் மூன்றாவது தேதி என ஒரே ஆளுக்கு மூன்று பிறந்த நாள்கள் அமைந்துவிடுகின்றன. படிவம் 6 ஆதாரை வயதுச் சான்றாக ஏற்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமோ, ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றாகாது, 94 ஆம் பிரிவு அங்கீகரிக்கும் பள்ளிச் சான்றே மேலானது என்றது. எந்தத் தாளைக் காட்டினாலும் இன்னொரு தாள் அதை மறுக்கும் நிலையில், கணினி “முரண்பாடு” என்று குறித்துவிட்டால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அந்த இளைஞர்தான்.

குழு பதிந்த வயதே உண்மையான வயதாகக் கொள்ளப்படும் என்று 94 ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு கூறினாலும், அது அந்தச் சட்டத்தின் நோக்கங்களுக்கு மட்டுமே என்ற வரம்பும் அதிலேயே இருக்கிறது. எனவே தேர்தல் அலுவலர் தாமாக அதை ஏற்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஏற்கலாம் என்று அவருக்கு மேலிருந்து அறிவுறுத்தல் வர வேண்டும். அதற்கு முன், சமூக நலத் துறை செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. இல்லத்தில் இருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 16 வயது ஆவதற்குள் ஆதார், பள்ளிப் பதிவேடு, பிறப்புப் பதிவு ஆகிய மூன்றையும் ஒரே தேதிக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். பொது இடத்தில் கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தையின் பிறப்பை, கிராமமானால் கிராமத் தலைவரோ அதற்கு இணையான அலுவலரோ, மற்ற இடங்களில் காவல் நிலையப் பொறுப்பு அலுவலரோ பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1969 ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 8 ஆம் பிரிவே சொல்கிறது. அதைச் செய்திருந்தால் பாதிச் சிக்கல் எழுந்திருக்காது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு, வாக்காளர் பட்டியல் உட்படப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்று ஒன்றே வயதுக்கான ஆவணம் என்று அந்தச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தை 2040-களில் படிவம் 6-உடன் வரும்போது, காட்ட வேறு தாள் எதுவும் இருக்காது என்பதை இப்போதே நினைவில் வைக்க வேண்டும்.

சட்டத்துடன் முரண்பட்டவர்களாகக் கருதப்பட்டு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்ட சிறார்களின் நிலை வேறு. களத்தில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. கூர்நோக்கு இல்லம், சிறப்பு இல்லம், குழந்தைகள் இல்லம் எல்லாமே பலருக்குச் “சிறுவர் ஜெயில்” தான். 1950 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு, சிறையிலோ வேறு சட்டக் காவலிலோ இருப்பவர் அந்த ஒரே காரணத்தால் அங்கே வழக்கமாக வசிப்பவராகக் கொள்ளப்பட மாட்டார் என்கிறது. சிறப்பு இல்லத்திலோ பாதுகாப்பிடத்திலோ வைக்கப்பட்டு 18-ஐக் கடந்தவருக்கு இது பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுபவராகக் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, பின் 18 வயது கடந்தோருக்கான பிற்காப்பு இல்லத்தில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறவருக்கு எவ்வகையிலும் பொருந்தாது. அவர் காவலில் இல்லை. அதுதான் அவருடைய வீடு. இவர்கள் எல்லாம் கேஸில் வந்தவர்கள், இந்த முகவரியில் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் அறிவேன். குற்றம் செய்ததாகக் கண்டறியப்பட்ட சிறாருக்கும்கூட அதனால் எந்தத் தகுதியிழப்பும் நேரக் கூடாது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவேடுகள் அழிக்கப்பட வேண்டும் என்பதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு வகுத்த பொது விதி. கொடுங்குற்றத்துக்காகச் சிறார் நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்ட, 16 வயது கடந்த சிலருக்கே விலக்கு. வளர்ந்தோர் சிறையில் இருக்கும்போதும் அவர்களுடைய பெயர் அதனாலேயே பட்டியலிலிருந்து நீங்காது என்று 2013 இல் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டு வந்திருக்க, எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரை இல்லத்தில் வளர்ந்தார் என்பதற்காக வாசலில் நிறுத்துவது சட்ட அறியாமை. 1920 லேயே, இந்தியாவில் முதன்முதலாகக் குழந்தைகளுக்கென ஒரு சட்டம் இயற்றிய சென்னை மாகாணத்தின் வாரிசான மாநிலத்தில் இது நடப்பது உறுத்துகிறது.

சேர்ப்பதில் காட்டும் அக்கறையை வெளியிடுவதிலும் காட்ட வேண்டும். வாக்காளர் பட்டியல் பொது ஆவணம். கட்சி முகவர்கள் கையில் அச்சுப் பிரதியாகவே இருக்கும். ஒரு பாகத்தில், ஒரே கதவு எண்ணில், 18-19 வயதுடைய பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே ஆளின் பெயர் காப்பாளர் பெயராக அச்சாகியிருந்தால், அவர்கள் யார் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய அறிவு தேவையில்லை. முகவரியில் இல்லத்தின் பெயரையும் சேர்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கும், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74 ஆம் பிரிவை, அவருக்கு 18 வயது ஆன மறுநாள் அரசின் அச்சகமே பொருளற்றதாக்குவது சரியல்ல. தெருப் பெயரும் கதவு எண்ணும் மட்டும் முகவரியில் இருக்கட்டும். காப்பாளர் பெயரை அச்சுப் பட்டியலில் காட்டாமல் அலுவலகப் பதிவில் மட்டும் வைத்துக்கொள்ள வழி செய்யட்டும். ஒரே பெற்றோர் பெயரோடு பலர் பிள்ளைகளாக இணைக்கப்பட்டிருந்தால் ஐயத்துக்குரியது என்று குறிக்கும் மென்பொருள் முறை மற்ற மாநிலங்களில் ஏற்படுத்திய குழப்பத்தை நாம் பார்த்தோம். இல்லக் கண்காணிப்பாளரின் பெயர் அந்தச் சல்லடையில் சிக்கினால், அந்த இல்லத்து இளையோர் அனைவரையும் மொத்தமாக விசாரணைக்கு இழுத்துவிடும்.

இதே காரணத்துக்காகவே, இல்லங்களில் வளர்ந்தவர்களின் தனிப் பட்டியல் ஒன்றைத் தொகுத்துத் தேர்தல் துறைக்குக் கொடுக்கும் யோசனை எழுந்தால் அதை நான் கடுமையாக எதிர்ப்பேன். ஒவ்வொருவரும் தாமே விண்ணப்பிக்க, தேவைப்படும்போது தம் உத்தரவின் நகலைத் தாமே காட்ட, அது உண்மையா என்பதை மட்டும் வாக்காளர் பதிவு அலுவலர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் கேட்டு அறியலாம். விடையும் ஆம், இல்லை என்ற அளவில் நிற்க வேண்டும். குழந்தை ஏன் இல்லத்துக்கு வந்தது என்பது தேர்தல் துறைக்குத் தேவையற்ற செய்தி.

போலிக் கடிதங்கள் வரும் என்ற தயக்கம் உங்களுக்கு எழலாம். வெறும் இல்லக் கடிதத்துக்கு அந்த ஆபத்து உண்டு. அதனால்தான் கடிதத்தைவிடக் குழுவின் உத்தரவையே நான் வலியுறுத்துகிறேன். உத்தரவுக்கு எண் உண்டு, கோப்பு உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. சென்னை நீங்கலாக, மாவட்டத் தேர்தல் அதிகாரி என்பவர் மாவட்ட ஆட்சியர்தான். 2021 இல் நிறைவேறி 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் மேற்பார்வையும், தத்து உத்தரவு வழங்கும் அதிகாரமும் அதே ஆட்சியரிடம்தான். பதிவு அலுவலரின் முடிவுக்கு எதிரான முதல் மேல்முறையீடும் அவரிடமே போகிறது. இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்கு வரும்போது, ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் கையெழுத்திட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

சேர்ந்த பெயர் நிலைப்பதும் எளிதல்ல. இல்லத்து முகவரியில் 18 வயதில் பெயர் சேர்த்தவர் 20 வயதில் திருப்பூர் பனியன் கம்பெனி விடுதியிலோ, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை விடுதியிலோ, சென்னையில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த ஓர் அறையிலோ இருப்பார். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இல்லத்துக்கு வந்து கேட்டால், “அந்தப் பையன் போய் ரெண்டு வருஷம் ஆச்சுங்க” என்று காவலாளி உண்மையைத்தான் சொல்வார். இடம் மாறியவர் என்று பெயர் நீக்கப்படும். அந்த முகவரியைப் பொறுத்தவரை நீக்கம் துல்லியமானதே. ஆனால் அவர் எந்த முகவரியிலும் இல்லாமல் போகிறார். விடுதி நடத்துபவர் வாடகை ஒப்பந்தம் தரமாட்டார், மின் கட்டண ரசீது வேறொருவர் பெயரில் இருக்கும். வீடுள்ள பிள்ளைக்கு ஊரில் அப்பாவின் முகவரி இருக்கிறது; பொங்கலுக்குப் போகும்போது பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம். இவர்களுக்கு அப்படித் திரும்பிப் பார்க்க ஓர் இடமில்லை. பாலத்துக்கு அடியில் உறங்கும் வீடற்றவரிடம்கூட முகவரிச் சான்று கேட்காமல், இரவில் போய்ப் பார்த்து, அங்கேதான் உறங்குகிறார் என்று உறுதிசெய்து பெயர் சேர்க்கும் நடைமுறையை ஆணையம் வைத்திருக்கிறது. அந்தப் பரிவு தொழிலாளர் விடுதி வரைக்கும் நீள வேண்டும். 21 வயது வரை பிற்காப்புக்கு உரியவர்களாகச் சட்டம் இவர்களைக் கருதுவதால், அதுவரையிலாவது பெயரை நீக்குமுன் பாதுகாப்பு அலகின் வழியாக அவருக்குச் செய்தி அனுப்பி, படிவம் 8 கொடுத்து முகவரி மாற்ற வாய்ப்புத் தர வேண்டும்.

சமூக நலத் துறைச் செயலரிடம் தனியாகக் கேட்பது ஒன்றுதான். 18 வயது நிறைந்ததா என்று கணக்கிடும் தகுதி நாள்கள், 2022 ஆகஸ்ட் முதல் ஆண்டுக்கு நான்கு உள்ளன. 17 வயது நிறைந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் இல்லம் எழுத வேண்டிய தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில், 17 ஆம் வயதில் படிவம் 6 என்ற ஒரு வரி சேர வேண்டும். மாதம் 4000 ரூபாய் பிற்காப்பு உதவிக்கு வங்கிக் கணக்குத் தொடங்கும் நாளிலேயே இதையும் முடித்துவிடலாம். வெளியேறும் நாளில் கையில் கொடுக்கும் உறையில், பள்ளிச் சான்றோடு குழந்தைகள் நலக் குழு உத்தரவின் சான்றிட்ட நகலும் இருக்க வேண்டும். பலருக்கு அப்படியோர் உத்தரவு தங்கள் பெயரில் இருப்பதே தெரியாது. ஏற்கெனவே வெளியேறியவர்கள் நகல் கேட்டு வந்தால், இல்லம் மூடப்பட்டுவிட்டது, பழைய கோப்பு கிடைக்கவில்லை என்று திருப்பி அனுப்பாமல், அலகே தேடி எடுத்துத் தர வேண்டும். அல்லது இழந்த கோப்புக்குப் பதிலாகக் குழு புதிதாக ஓர் உத்தரவு பிறப்பிக்க வேண்டும்.

தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் கேட்பது, ஆணையத்துக்கான பரிந்துரை ஒருபுறமிருக்க, தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதே: வாக்குச்சாவடி நிலை அலுவலர்களுக்கான பயிற்சிக் குறிப்பில் ஒரு பத்தி. பெற்றோர் தெரியாதவர் அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், குழந்தைகள் இல்லம் வசிப்பிடமே, பெற்றோரைத் தொடர்புகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆவணம் போதவில்லை என்று நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தந்து, 15 நாள்களுக்குள் ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தால் போதும். கடந்த திருத்தத்தில் இணைக்க முடியாதவர்கள் என்று குறிக்கப்பட்டு, அறிவிப்பு பழைய இல்ல முகவரிக்குப் போய், கைக்கு வராமலேயே பெயர் நீக்கப்பட்ட இளையோர் இருக்கிறார்கள். அவர்களில் எவராவது படிவம் 6-ஐ மீண்டும் கொண்டு வரும்போது இந்தக் குறிப்பு அலுவலரின் கையில் இருக்கும்படி, அடுத்த தகுதி நாளுக்கு முன்னால் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இல்லங்களில் வளர்ந்த இளையோருடன் பணியாற்றும் ஒரு வாக்காளர்